பசியான்ஸ் திருகோணமலைக்கு வந்த கதை

தொலைபேசி மணி அடித்தால் இந்திராதேவியால் சும்மா இருக்க முடியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, தலையில் சவர்க்கார நுரை இருந்தாலும் சரி, விழுந்தடித்து ஓடுவாள். ஊரில் காணாமல் போன தம்பி மகேந்திரராசாவைப் பற்றி எந்த மூலையிலிருந்தாவது ஒரு சொல் வந்துவிடாதா என்ற ஓட்டம் அது. அவள் கணவன் சிவானந்தம் தொலைபேசிக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாலும் எடுக்க மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவள்தான் ஓட வேண்டும்.

அன்றைக்கு அவன் வேலையால் இன்னும் வரவில்லை. மறுமுனையில் ஒரு பிரெஞ்சுக் கிழவி.

"மதாம் சிவானந்தம்? நான் மதாம் பெலாஞ்சே, ரொக்ஸ்பரோவிலிருந்து. உங்கள் கணவருக்கு என் அப்பாவைத் தெரியும்!"

இந்திராவின் பிரெஞ்சு கார்தெரிப் பிரெஞ்சு. வேலைக்குப் போகும் தாய்மார் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அந்த இடத்தில்தான், மொன்றியல் வில்லரேயில் வீட்டுக்கு அடுத்த தெருவில், அவளுக்கு வேலை. கையைக் கழுவு, சப்பாத்தைப் போடு, தள்ளாதே, அழாதே, அம்மா வந்துவிடுவா என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பெரியவர்கள் கதைத்தால் பாதி விளங்கும். மிச்சத்தைக் குரலை வைத்துப் பிடித்துக்கொள்வாள். இந்தக் குரல் அழுதது, அழுதுகொண்டே சிரித்தது. அதனால் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

பிடித்த வரைக்கும் விஷயம் இதுதான். மதாம் பெலாஞ்சே சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுடைய அப்பா 'பசியான்ஸ்' என்ற கப்பலில் சமையற்காரனாகப் போனவர், திரும்பி வரவேயில்லை. அறுபது வருடமாக ஒரு தகவலும் இல்லை. அந்தக் கப்பல் திருகோணமலைக்குப் போனதென்றும், அங்கே அவளுடைய அப்பா தங்கிவிட்டாரென்றும், ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிப் பேக்கரி வைத்துப் பிள்ளைகுட்டியோடு வாழ்ந்தாரென்றும் சிவானந்தம் அவளுக்குச் சொல்லியிருக்கிறான். அப்பாவின் பெயரைக்கூட அவனாகவே சொன்னானாம்.

"உங்கள் நாட்டில் சமாதானம் வந்துவிட்டதென்று வானொலியில் சொன்னார்கள். நவம்பரில் நான் போகிறேன். பயணத்துக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். எனக்கு அங்கே தம்பி தங்கைகள் இருக்கிறார்கள், மதாம்! சனிக்கிழமை இருவரும் தேநீருக்கு வாருங்கள்."

இந்திரா தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். இந்தியாவோடு செய்த ஆடி மாதத்து ஒப்பந்தம் ஊரில் எந்த லட்சணத்தில் நடக்கிறதென்று ரொக்ஸ்பரோவில் இருக்கிற கிழவிக்கு என்ன தெரியும்? இந்திராவும் பிறந்து வளர்ந்தது திருகோணமலைதான். வெள்ளைக்காரன் பேக்கரி வைத்திருந்த கதையை இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேள்விப்படுகிறாள்.

அந்தக் கப்பலைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிவானந்தத்தின் வாய்க்கொழுப்பு விளங்காது. 'பசியான்ஸ்' என்றால் பிரெஞ்சில் பொறுமை. நம்மவர்களின் காதில் அதெல்லாம் ஏறுமா? பசி என்றுதான் விழுந்தது. மொன்றியலில் இருந்த தமிழர் எல்லோருக்கும் அது பசிக்கப்பல். முதலாம் உலகப் போருக்கு முன், கியூபெக் நகரத்துக்குக் கீழே ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், வடதுருவம் பார்க்கப் போகவென்றே கட்டினார்கள். மூன்று பாய்மரம். ஓக் பலகைக்கு மேல் பலகையாக அடித்து, பக்கச் சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. அடிப்பாகம் மட்டும் முட்டை மாதிரி உருண்டை. கடல் உறைந்து நாலு பக்கமும் நெருக்கும்போது சாதாரணக் கப்பல் நொறுங்கிப் போகும். இது, புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கிடையில் வைத்து அமத்தினால் துள்ளுமே, அந்த மாதிரி மேலே வந்து பனிக்கட்டியில் குந்திக்கொள்ளும். கட்டியவனின் கணக்குப் பிழைக்கவில்லை. முதல் பயணத்திலேயே பனி பிடித்து இரண்டு மாரி விடவில்லை. கப்பல் ஒரு பக்கம் சரிந்தபடி பனிமேல் குந்தியிருக்க, உள்ளே இருந்தவர்கள் நாயைத் தின்று, தோல் சப்பாத்தை அவித்துத் தின்று, உயிரோடு திரும்பினார்கள். யோசித்துப் பார்த்தால் நம்மவர்கள் வைத்த பெயரும் அவ்வளவு பிழையில்லை.

இரண்டாம் பயணம் மூடுபனிப் புகாரோடு சரி, ஒன்றையும் காணாமல் திரும்பியது. மூன்றாம் பயணத்தில் நாலு பேர் புதுநிலம் தேடிப் பனிமேல் நடந்து போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அதற்குப் பிறகு அதை வடக்கே அனுப்ப ஒருவரும் முன்வரவில்லை. பனியில் உயிரைக் காத்த உருண்டை அடி, திறந்த கடலில் சனியனாகப் போனது. சின்ன அலைக்கே தொட்டில் மாதிரி ஆடும், ஏறியவன் குடலே வெளியே வந்துவிடும். யாரோ வாங்கி, ஆற்றங்கரைக் கிராமத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கேயோ போனான். சில வருடங்கள் அது எங்கே இருந்தது, என்ன செய்தது என்று எவருக்கும் தெரியாது. வேறு நிறத்தில், வேறு கப்டனோடு, வேறு ஆட்களோடு திரும்பி வந்தது. பிறகு மா மூட்டை ஏற்றி, பிறகு நடன விடுதியாகி, பிறகு தேடுவாரற்றுக் கிடந்து, கடைசியில் ஒரு சங்கத்தார் திருத்திப் பழைய துறைமுகத்தில் பார்வைக்குக் கட்டி வைத்தார்கள்.

அந்தக் கப்பலில் ஏணிப்படியடியில் நின்று டிக்கெட் கிழிப்பதும் தளம் கழுவுவதும் சிவானந்தத்தின் வேலை. ஊரில் துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவன். இங்கிலீஷ் நல்லாக வரும். பிரெஞ்சில் 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டோடு சரி. காலில் சக்கரம் பூட்டியவன், ஒரு இடத்தில் நிற்கமாட்டான், நின்றால் வாய் நிற்காது. கப்பலைச் சுற்றிக் காட்டுகிற பெண் ஒவ்வொரு முறையும் அந்தத் தெரியாத வருடங்களுக்கு வந்ததும், "இந்தக் காலத்தைப் பற்றி எங்களிடம் தகவல் இல்லை" என்பாள். அந்தத் 'தகவல் இல்லை' என்பதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் அமெரிக்கர் சிலரிடம், "எனக்குத் தெரியும், என் ஊருக்கு வந்தது" என்று எடுத்து விட்டான். அவர்கள் கைதட்டினார்கள். போதாதா? முதலில் கப்பல் தண்ணீர் பிடிக்க வந்தது. அடுத்த கிழமை யானை இழுத்து வந்த மரத்தில் புதுப் பாய்மரம் நட்டார்கள். ஆவணி மாதம் வருவதற்குள் ஒரு வெள்ளைக்காரன் இறங்கித் தங்கி, டொக்யாட் வீதியில் பேக்கரியும் போட்டுவிட்டான். இவ்வளவும் அவன் வீட்டில் வந்து மூச்சு விடவில்லை.

அவன் வந்து சப்பாத்தைக் கழற்றவும் விடாமல் இந்திரா பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, ஆர் ஓமேர்?"

"எந்த ஓமேர்?"

"டொக்யாட் வீதியில பேக்கரி வச்சிருந்தவராம். உங்களுக்கு நல்லாத் தெரியுமாம். அவற்ற மகள் ரெலிபோன் எடுத்தவ."

அவன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் கதிரையில் குந்தினான்.

"அந்த மனுசி கதை முழுக்க இங்கிலீசில கேட்டவ. கடைசியில பிரெஞ்சில என்னவோ கேட்டா. எனக்கு என்ன மண் விளங்குது? ஓம், ஓம் எண்டு தலையாட்டினன். 'ஓமேர்! ஓமேர்!' எண்டு கத்திக்கொண்டு என்னைக் கட்டிப் பிடிச்சிட்டா. பேந்துதான் விளங்கிச்சு, தகப்பன்ர பேர் அதெண்டு. பேர் என்ன எண்டுதான் கேட்டிருக்கிறா."

வேறொரு நாளென்றால் இந்திராவும் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். "அப்பவே இல்லை எண்டு சொல்ல வாயில்லையோ?"

"எப்பிடிச் சொல்லுறது? அவ அழுதா, இந்திரா. அழுது முடிச்சிட்டுச் சிரிச்சா. அந்தச் சிரிப்பைப் பாத்திருந்தா நீரும் சொல்லியிருக்க மாட்டீர்."

"நான் சொல்லியிருப்பன். இந்த வயசில அந்த மனுசி சண்டைக்குள்ள போய்ச் சாகப் போறா. சாகாட்டியும், டொக்யாட் வீதியில நிண்டு ஆரிட்டைக் கேப்பா? என்ன மனுசன் நீங்கள்! ஆளைக் காணேல்லை எண்டு காத்துக்கொண்டிருக்கிறது என்னெண்டு எனக்கெல்லோ தெரியும். தம்பியைக் கண்டன் எண்டு ஒருத்தன் எனக்குப் புளுகியிருந்தா நான் அவனைச் சும்மா விடுவனே? சனிக்கிழமை வாறியள். வந்து உங்கட வாயால சொல்லுறியள். நான் பிரெஞ்சில சொல்லுறன்."

சிவானந்தம் எழும்பிப் பல்கனிக்குப் போனான், உள்ளே வந்தான், திரும்பவும் போனான்.

ஊரில் ஆமிக்காரர் மகேந்திரராசாவை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன செய்தி, இவர்கள் மொன்றியலுக்கு வந்த முதல் மாரியில் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. இந்திரா சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழும்பவில்லை. அழவுமில்லை, சாப்பிடவுமில்லை. கீழ்வீட்டு அக்னெஸ் அக்கா கரண்டியால் கஞ்சி ஊட்டிப் பார்த்தாள், அது கடைவாயால் வழிந்தது. அப்படிக் கிடந்தவளிடம் ஒரு பின்னேரம் சிவானந்தம் பனி ஒட்டிய சப்பாத்தோடு அறைக்குள் ஓடி வந்தான். ஜோன் தலோன் மெற்றோவில் ஊரால் புதிதாக வந்த ஒரு பொடியனைக் கண்டானாம். தெற்கே ஒரு தடுப்பு முகாமில் மகேந்திரராசாவோடு ஒன்றாக இருந்தவனாம். ஆள் மெலிந்து போனாலும் சுகமாம், தாடி வளர்த்திருக்கிறானாம். அன்றைக்கு எழும்பியவள்தான் இந்திரா. பெயரும் விலாசமும் கேட்காமல் அந்தப் பொடியனை ரொறன்ரோவுக்கு பஸ் ஏற விட்டானே என்று புருசனைத் திட்டித் தீர்த்தாள். அதற்குப் பிறகு புதிதாக வந்த தமிழரில் அவள் விசாரிக்காத ஆள் இல்லை. "ரொறன்ரோவுக்குப் போய் அந்தப் பொடியனைத் தேடுவமே?" என்று கிழமைக்கொருக்கால் நச்சரிப்பாள். அவன், "பேந்து பாப்பம்" என்பான்.

சனிக்கிழமை வரும் வரைக்கும் வீட்டில் இரண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சிவானந்தம் தடிமன் காய்ச்சல் என்றான், கப்பலில் வேலை என்றான், "நீர் மட்டும் போய்ச் சொல்லிப்போட்டு வாருமன்" என்றும் கேட்டுப் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை. அவள் கார்தெரியில் பிள்ளைகளுக்குச் சப்பாத்துக் கட்டும்போதும் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பொய்யனுக்கு மட்டும் சொல் தேட வேண்டி இருக்கவில்லை. பிள்ளைகள் நாள் முழுக்க ஒன்றையொன்று பார்த்துக் கத்துகிற சொல் அது. 'மாந்தர்' என்பார்கள். மனிதர் எல்லோரையும் சேர்த்துத் திட்டுகிறார்கள் என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் நினைத்தாள்.

மலைக்கு அடியால் குடைந்த சுரங்கத்துக்குள்ளே போகும் ரயிலில் இருவரும் ரொக்ஸ்பரோவுக்குப் போனார்கள். சிவானந்தம் ஆசனத்தில் இருக்கவில்லை, கதவடியில் நின்றான், பெட்டியின் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் நடந்தான். இந்திராவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பொய் சொல்லும்போது இருந்த துணிவு இப்போது எங்கே போனது என்று வாய்விட்டே கேட்டாள். அவன் சுரங்கத்தின் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மதாம் பெலாஞ்சே வாசலுக்கே வந்து இருவரையும் கன்னத்தில் முத்தமிட்டாள். சின்ன உருவம், நீலப் பூப்போட்ட சட்டை, இதற்கென்று தலைமயிர் சுருட்டிவிட்டிருந்தாள். மேசையில் இலங்கைப் படம் விரித்துக் கிடந்தது. திருகோணமலையைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். பக்கத்தில் மீசைக்காரர் ஒருவருடைய புகைப்படம். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பாணில் ஆவி பறந்தது.

"அப்பா கப்பலில் பாண் சுடுவார். வீட்டிலும் அவர்தான் சுடுவார். அதனால்தான் உங்கள் கணவர் பேக்கரி என்றதும் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. அது அப்பா, வேறு யாருமில்லை! அவரை எந்தச் சவக்காலையில் வைத்திருக்கிறார்கள்? அவருடைய பிள்ளைகளில் யாருக்காவது நீலக் கண்ணா?"

இந்திரா, இந்தப் பாவத்தைக் கிழவியின் தலையில் போட்ட மனிதனைப் பார்த்தாள். அவன் கைகளைத் தொடைக்கிடையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தான்.

"மதாம், என் கணவர் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர் தமிழில் சொல்வார். நான் பிரெஞ்சில் சொல்வேன்." அவனிடம் திரும்பி, "சொல்லுங்கோ" என்றாள்.

"அந்தக் கப்பல் எங்கட ஊருக்கு வரேல்லை எண்டு சொல்லும்."

சொன்னாள்.

"பேக்கரியும் இல்லை, ஒருத்தரும் தங்கவும் இல்லை. எல்லாம் நான் கட்டின கதை. ஓமேர் எண்டு அவவின்ர தகப்பன்ர பேரை நான் சொல்லேல்லை. எங்கட பாசையில ஓம் எண்டா 'உய்' எண்டு சொல்லும்."

அதையும் சொன்னாள். மதாம் பெலாஞ்சே பாண் வெட்டும் கத்தியை மெல்லக் கீழே வைத்தாள். "ஓம்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "ஓம். ஆம் என்பதா?" முகத்தில் இருந்த வெளிச்சம் எல்லாம் வடிந்து, பத்து வயது கூடின மாதிரி இருந்தாள். கத்துவாள், வெளியே போகச் சொல்வாள் என்று இந்திரா எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. இலங்கைப் படத்தை மடிக்கத் தொடங்கினாள். அது சரியாக மடிபடவில்லை, அப்படியே விட்டுவிட்டாள்.

"ஏன்?" என்று சிவானந்தத்தைக் கேட்டாள். "நான் யாரிடமும் கேட்டுக்கொண்டு திரியவில்லையே. விட்டுவிட்டு இருந்தேன். ஏன் எனக்கு அப்படிச் செய்தீர்கள்?"

இந்திரா அதைத் தமிழில் சொன்னாள். நல்ல கேள்வி, சொல்லட்டும் என்று இருந்தது அவளுக்கு. கொஞ்சம் சூடு கூட்டித்தான் சொன்னாள்.

சிவானந்தம் தலையை நிமிர்த்தினான். மதாமைப் பார்க்கவில்லை, இந்திராவைப் பார்த்தான்.

"நான் சொல்லுறதை ஒண்டும் விடாமச் சொல்லுவீரோ?"

"அதுக்குத்தானே வந்தனான். சொல்லுங்கோ."

"ஒரு பொம்பிளை இருந்தா. தம்பியைக் காணேல்லை எண்டு சாப்பிடாமக் கிடந்தா. செத்துப் போயிடுவா எண்டு புருசன்காரன் பயந்திட்டான்."

இந்திராவின் வாய் அதற்குள் பழகிவிட்டது. அவன் நிறுத்தவும் அது பிரெஞ்சில் தொடங்கிவிடும். "ஒரு பெண் இருந்தாள். அவளுடைய தம்பி தொலைந்துவிட்டான். அவள் சாப்பிடவில்லை. கணவனுக்குப் பயம்." பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற மாதிரி சின்னச் சின்ன வசனமாகச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெண் யாரென்று அவளுக்கு விளங்கியது. இதை ஏன் இங்கே கொண்டுவந்து சொல்கிறான் என்று கோபம் வந்தது.

"ஒருநாள் வேலையால வரேக்க ஜோன் தலோன் மெற்றோவில நிண்டன்," என்றான் சிவானந்தம். இப்போது புருசன்காரன் என்று சொல்லவில்லை. "வீட்டை வரப் பயமாக் கிடந்தது. வந்து பாக்க நீர் செத்துக் கிடந்தா என்ன செய்யிறது? வாங்கில இருந்து ரயில் போறதைப் பாத்துக்கொண்டிருந்தன். அங்க ஒரு பொடியனும் வரேல்லை, இந்திரா. நான் ஒருத்தரையும் காணேல்லை. தாடி எண்டதும் நான் சொன்னதுதான். நீர் எழும்பி உலை வச்சீர். அண்டைக்குத்தான் கண்டன், ஒரு பொய்க்கு ஆள் எழும்பிச் சாப்பிடும் எண்டு. இந்த மனுசியும் அப்பிடித்தான் சிரிச்சா. அதுதான் சொன்னன். சொல்லும் அவவுக்கு."

மேசையில் பாண் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே ரயில் ஒன்று போனது. மதாம் பெலாஞ்சே காத்துக்கொண்டிருந்தாள்.

இந்திராவுக்கு எழும்பி அவன் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது, கை வரவில்லை. ஒன்றும் விடாமல் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். சொன்னாள். "மெற்றோவில் யாரும் வரவில்லை. கணவன் யாரையும் காணவில்லை. வீட்டுக்குப் போய், உன் தம்பியைப் பார்த்த ஒருவனைக் கண்டேன் என்றான். அது பொய். அவள் எழும்பினாள். அவள் சாப்பிட்டாள். அதனால் உங்களுக்கும் சொன்னான்." குரல் தன்னுடையதுதானா என்று தெரியவில்லை. பிரெஞ்சில் ஒரு பிழையும் விடவில்லை.

மதாம் பெலாஞ்சே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேசைக்கு மேலால் கையை நீட்டி இந்திராவின் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பெண்," என்று கேட்டாள், "அது பொய் என்று அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும், மதாம்," என்றாள் இந்திரா. "இப்போதுதான் தெரிந்தது."

அதற்குப் பிறகு அவளுக்குப் பிரெஞ்சு வரவில்லை. "ஐயோ என்ர தம்பி, என்ர தம்பி" என்று முன்பின் தெரியாத அந்தக் கிழவியின் தோளில் விழுந்து கதறினாள். அழுதால் அவன் செத்தவனாகிவிடுவான் என்று இவ்வளவு காலமும் அவள் அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட்டிருக்கவில்லை.